ஊர் மாத்திரை

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் தயிர் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிலிப்பினோ பெண் சின்னச் சின்னக் கோப்பைகளில் புளித்த பால் பானம் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு நின்றாள். "மேடம், குட் பாக்டீரியா, வெரி குட் ஃபார் இம்யூனிட்டி" என்று ஒரு கோப்பையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நான் கோப்பையை வாங்கவில்லை. பாட்டிலை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வாடிப்போயிற்று. நீ இருந்திருந்தால் அவளை இன்னும் நாலு கேள்வி கேட்டு அழவே வைத்திருப்பாய்.

நல்ல பாக்டீரியாவாம். யாருக்கு நல்லது, எவ்வளவு நல்லது, வயிற்றுக்குள் போய் உயிரோடு இருக்குமா, சொல்லச் சொல் பார்ப்போம். என் போனில் தினமும் யாராவது ஒருவர் குடலைக் காப்பாற்றச் சொல்லிச் செய்தி அனுப்புகிறார்கள். ஒருவர் மோர் என்கிறார், ஒருவர் ஊறுகாய் என்கிறார், பீட்ரூட்டைப் புளிக்க வைத்துக் குடி என்கிறார் இன்னொருவர். எதையும் நான் நம்புவதில்லை. இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவள் நீதான்.

நாம் முதலில் பேசிக்கொண்டதே இதே கடையில், பிஸ்கட் வரிசையில். எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு நீங்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நம் பள்ளிக்கூடத்தில் நீ ஒன்றாம் வகுப்புக்குச் சேர்ந்திருந்தாய், நான் பெரிய வகுப்புகளுக்கு வேதியியல். நீ ஒரு ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். அவர் பாவம், திரும்பத் திரும்ப அந்த முத்திரையையே காட்டிக்கொண்டிருந்தார். "ஹலால் ஹை பஹன்ஜி, ஹலால் ஹை." நீ என்னைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்க. ஹலால் ஜெலட்டின்னு போட்டிருந்தா இதுல ஜெலட்டின் இருக்குன்னு உறுதி ஆயிடுச்சா இல்லையா? மாட்டு எலும்புதானே?" என்றாய். இந்த அரபு ஊரில் எல்லோரையும் நிம்மதிப்படுத்தும் முத்திரை உன்னை மட்டும் பயமுறுத்தியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் மதுரைக்காரி, இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு வைப்பவள். என்னைப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிட்டாயே.

அன்றைக்கு ஆரம்பித்த 'வாங்க, போங்க' ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 'வாடி, போடி' ஆகிவிட்டது. என் வீட்டு டம்ளரில் நீ தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் அதைவிட நாளாயிற்று. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு நாள் நீயாகவே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து என் அடுக்களையில் கவிழ்த்து வைத்து, "இது என் டம்ளர், இதுல மீன் கழுவுன தண்ணி பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றாய். அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது?

பிறகு அந்த அரிப்பு வந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். சொறிந்து சொறிந்து கை சிவந்துபோய் வருவாய். முதலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்மேல் சந்தேகப்பட்டாய். கடல் தண்ணீரைக் காய்ச்சி வருவதுதானே, அதில் என்னென்ன கலக்கிறார்களோ என்று குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் கை கழுவ ஆரம்பித்தாய். அடுத்து சோப்பு. அடுத்து கரப்பான் மருந்து அடித்துவிட்டுப் போன ஆள். வாட்ச்மேன் பாயைக் கூப்பிட்டு, அந்த மருந்து டப்பாவைக் காட்டு என்று நின்றாய். ஏசியில் தூசு என்று ஒரு மாதம். கடைசியில் என்மேலேயே திரும்பினாய். நான் கொடுத்த துணி மென்மையாக்கும் திரவத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாய்.

"போடி இவளே, ஒனக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு" என்று நான் கத்தியது கீழ் ஃபிளாட்டுவரை கேட்டிருக்கும்.

ஆனால் உன்மேல் தடிப்பு எதுவும் இல்லாததை நான் கவனித்திருந்தேன். தோல் டாக்டர் கொடுத்த களிம்புகள் எதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் பீரியடிலேயே நாற்காலியில் சாய்ந்துவிடுவாய், குழந்தைகள் உன்னைச் சுற்றி நின்று "மிஸ், மிஸ்" என்று உலுக்குவார்கள். கண்ணோரத்தில் மஞ்சளாகச் சின்னக் கொழுப்புத் திட்டு. அரிப்பு வெளியே இல்லை, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். வழியெல்லாம், "இந்த லேப்காரனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

மனாமாவில் அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மாவிடம் போனோம். உன் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உங்கட ஈரலுக்குள்ள பித்தம் வாற சின்னச் சின்னக் குழாயள் இருக்கு. உங்கட உடம்பே அதை எதிரியெண்டு நினைச்சு அடிக்குது. பித்தம் வெளியில போக வழியில்லாமத் தேங்குது. அதாலதான் இந்த அரிப்பு."

"என் உடம்பே ஏன் என்னை அடிக்கணும்?" என்றாய், ஏதோ அவர்தான் அடித்துவிட்டதுபோல.

"முழுசா ஒருத்தருக்கும் தெரியாது. குடலுக்குள்ள இருக்கிற கிருமியள்ல ஒரு சந்தேகம் இருக்கு."

சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அதுவரை எந்த டாக்டரும் உன் பாஷையில் பேசியதில்லை.

அவர் ஒரு தாளில் ஈரலையும் குடலையும் கோணல்மாணலாக வரைந்தார். "ஈரல் பித்த அமிலத்தைச் செய்து குடலுக்கு அனுப்புது. கொழுப்பைக் கரைக்கத்தான் அது எண்டு நாங்கள் முந்திப் படிச்சனாங்கள். ஆனா குடல்ல இருக்கிற கிருமியள் அதில கொஞ்சத்தை மாத்தி வேற அமிலமாக்குதுகள். மாத்தினது திரும்ப ரத்தத்தில ஏறி ஈரலுக்குப் போகுது. போற வழியில உங்கட எதிர்ப்புச் சக்திக்குத் தகவல் சொல்லுது, இப்ப அடங்கியிரு, இப்ப எழும்பு எண்டு. கிருமியள்ட கூட்டம் குழம்பினா அந்தத் தகவலும் குழம்பும். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. இருந்தாலும் அரைகுறையாகத்தான் நம்பினேன். பித்தத்தைச் செரிமானத்துக்கு என்று காலம் காலமாகப் பாடம் நடத்தியவள் நான். அது ரத்தத்தில் ஏறிப் போய் உடம்பின் காவல்காரர்களிடம் பேசுகிறது என்றால் உடனே தலையாட்டிவிட முடியுமா? அவர் எழுதிக் கொடுத்த மருந்தும் ஒரு பித்த அமிலம்தான். சாதுவானது என்றார். நம் குடல் கிருமிகளே அதில் ஒரு துளி செய்கின்றனவாம், அது போதாததால் வெளியிலிருந்து கொடுக்கிறார்களாம். குழாய்கள் கெடுவதை அது தள்ளிப்போடும், விடாமல் சாப்பிட்டால்தான் ஈரல் தாங்கும், விட்டால் வேறு ஈரல் தேட வேண்டிவரும் என்று மறைக்காமல் சொன்னார். உன் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது, "கேட்டியாடி, என் வயித்துக்குள்ள என்னைக் கேக்காம இத்தனை பேர் குடித்தனம் நடத்துறாங்க. விசா யார் அடிச்சுக் குடுத்தா?" என்றாய்.

"நீயும் நானும் இந்த ஊர்ல எப்படி இருக்கமோ அப்படித்தான். வேலை பாக்குற வரைக்கும் இருப்பாங்க. யல்லா, நட" என்றேன்.

மருந்து வந்தது. கேப்சூல். பெட்டியின் பக்கவாட்டில் மாட்டு ஜெலட்டின், ஹலால் என்று அச்சடித்திருந்தது. உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் தொலைந்தோம் என்று நினைத்தேன். நீ சளைக்கவில்லை. உறையைப் பிரித்து உள்ளேயிருந்த தூளை மட்டும் வாழைப்பழத்தில் தடவி விழுங்கினாய். வேப்பங்கொட்டையைக் கடித்ததுபோலக் கசந்தது உனக்கு. காலி உறைகளைக் குறடால் எடுப்பதுபோல இரண்டு விரல் நுனியில் எடுத்துக் குப்பையில் போடுவாய். நான் பார்த்துச் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அரிப்பு குறைந்தது. ரத்தத்தில் ஈரல் கணக்கு இறங்கியது. டாக்டர் அம்மா, "ஓம், இது கேக்குது" என்று சந்தோஷப்பட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் நீ கையைச் சொறிவதைப் பார்த்தேன். ஆசிரியர் அறையில், மேஜைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல். அப்போதிலிருந்து உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். உன் வீட்டுக்கு வந்தால் குப்பைக் கூடையில் கண் போகும். உறை ஒன்றையும் காணோம். வாழைப்பழம் கருத்துக் கிடந்தது. உன் வீட்டுக்காரரிடம் கேட்டால், "சாப்பிடுறா சாப்பிடுறா" என்று தலையை ஆட்டிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார். அந்த மனுஷனையும் நான் சந்தேகப்பட்டேன். உன்னோடு சேர்ந்து மறைக்கிறாரா, இல்லை நிஜமாகவே ஒன்றும் தெரியாத ஜென்மமா?

பள்ளிக்கூட வாசலில் பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன்னை மடக்கினேன். நல்ல வெயில், புழுதி வேறு.

"மாத்திரை சாப்பிடுறியா இல்லையா? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

நீ முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க அண்ணன் பையன் நெட்ல பாத்துச் சொன்னான். உறை மட்டும் இல்லையாம். உள்ள இருக்கிற தூளே மாட்டோட பித்தத்துலேர்ந்துதான் எடுக்கிறாங்களாம். இத்தனை நாளா அதைத்தான் வாழைப்பழத்துல வெச்சு முழுங்கியிருக்கேன். நெனச்சாலே குமட்டுது."

"அதனால நிறுத்திட்டியா?"

"கலாஸ். முடிஞ்சுபோச்சு, விடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அங்கேயே பாடம் நடத்தினேன். மாட்டிலிருந்து எடுத்ததை எத்தனையோ முறை மாற்றிக் காய்ச்சிச் சுத்தம் செய்துதான் தூளாக்குகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரு அமிலம். உன் குடலுக்குள் இருக்கும் கிருமி செய்வதும் அதே அமிலம்தான், ஓர் அணுகூட வித்தியாசம் கிடையாது. "மூலக்கூறுக்கு ஊரு பேரு, தாய் தகப்பன் கிடையாதுடி. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றாய்.

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது? நீ அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இந்த ஊருக்கு வந்து எல்லாத்தையும் விட்டுக் குடுத்தாச்சு. அப்பா சாவுக்குப் போக முடியல. என் பொண்ணு தமிழ்ல கோவப்படக்கூடத் தெரியாம வளர்றா. நான் நானா இருக்கிறது இந்த ஒரு விஷயத்துலதான். இதையும் புடுங்கிட்டா உயிரோட இருந்து என்னடி பண்ணப் போறேன்?" உனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் கெஞ்சி மன்றாடியும் நீ அசைந்து கொடுக்கவில்லை.

டாக்டர் அம்மாவிடம் நான் மட்டும் போனேன். "அவவைப் பற்றி உங்களோட கதைக்கேலாது. மருந்தைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன்" என்றார். கேட்டேன். கேப்சூல் இல்லாமல் மாத்திரையாகவும் வருகிறது, உறைத் தொல்லை இல்லை என்றார். உள்ளே இருப்பது? "பெரும்பாலும் மாட்டுப் பித்தத்தில இருந்துதான் தொடங்கிறவை. வேற வழியாச் செய்யிறதும் இருக்கெண்டு சொல்லுகினம். எந்தப் பெட்டி எதில செய்ததெண்டு எனக்குத் தெரியாது." அடுத்த முறை நீ போனபோது மாத்திரையாகவே எழுதிக் கொடுத்தார். கேப்சூல் இல்லை என்றதும் நீயும் கிளம்பி வந்தாய், ஃபார்மஸி ஃபார்மஸியாக ஏறி இறங்கினோம். "டேப்லெட் மாஃபி மேடம், ஒன்லி கேப்சூல்" என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு.

அப்புறம் நம் ஆட்கள் எப்போதும் செய்வதைத்தான் செய்தோம். லீவுக்குப் போயிருந்த கணக்கு டீச்சரிடம் சொல்லி, உன் அண்ணன் கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்ததை, மருந்துச் சீட்டோடு சேர்த்து அவர் பெட்டியில் கொண்டுவரச் செய்தோம். அப்பளக் கட்டுக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில் அது வந்து சேர்ந்தது. பொடி வாசனை அட்டைவரை ஏறியிருந்தது.

உன் அடுக்களையில் நின்றுகொண்டு அந்தப் பெட்டியை உன்னிடம் கொடுத்தேன். நீ கேட்கப் போகிறாய் என்று காத்திருந்தேன். பிஸ்கட்டைத் திருப்பிப் படிப்பவள், பற்பசையைத் திருப்பிப் படிப்பவள், பொடி எழுத்தென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிப்பவள். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

"ஊர் மாத்திரைதானே?" என்றாய்.

"ஊர் மாத்திரைதான்."

"நம்ம ஊர்க் கடையில வாங்குனது சைவமாத்தான் இருக்கும்" என்று நீயே சொல்லிக்கொண்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ பெட்டியைத் திருப்பவில்லை. ஒரு மாத்திரையை அமுக்கி எடுத்து மோரோடு விழுங்கிவிட்டு, அடுப்பில் இருந்த ரசத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாய்.

அன்றைக்கு நான் உன்னைச் சந்தேகப்பட்டதுபோல என் வாழ்நாளில் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. இவளா ஏமாறுவாள்? ஊர்க் கடையில் விற்றால் சைவம் என்று நம்புகிற ஆளா இவள்? ஹலால் முத்திரையையே குறுக்கு விசாரணை செய்தவள். வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே முடிவு செய்த ஒரே காரியம் அதுதான். இன்னொரு தடவை நேர்ந்தாலும் அப்படித்தான் செய்வேன், நீ மேலே இருந்து என்ன திட்டினாலும் சரி.

ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டாய். அரிப்பு போயிற்று. மறுபடியும் வாட்ச்மேனோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்தது. உன் மகள் பள்ளிப் படிப்பை முடித்து மேடையேறிச் சான்றிதழ் வாங்கியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். சென்னைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. விடுதிச் சாம்பாரில் என்ன பொடி போடுகிறார்கள் என்று அங்கே போய் ஒரு ரகளை செய்துவிட்டுத்தான் திரும்பினாய்.

பிறகு உன் கண் மஞ்சளாயிற்று. கால் வீங்கியது. வியாதியைக் கண்டுபிடித்ததே தாமதம், தண்ணீரையும் சோப்பையும் குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே பாதி ஈரல் போயிருந்தது என்றார்கள். மாத்திரையை நிறுத்திய மாதங்களும் சேர்ந்துகொண்டதா என்று டாக்டர் அம்மாவைக் கேட்டேன். "அப்பிடிப் பிரிச்சுச் சொல்லேலாது" என்றார். அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. என் மனசைத் தேற்றச் சொன்னாரோ என்னவோ. சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். மாற்று ஈரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோதே நீ போய்விட்டாய். பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஃபிளாட்டைக் காலிசெய்ய உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். என் வீட்டில் டீ குடித்தார். டிவி போடவில்லை, அவர் கண் அந்தப் பக்கமே போகவில்லை. நான் அவரை எவ்வளவு தப்பாக நினைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவராகவே ஆரம்பித்தார்.

"ஊர்லேர்ந்து அந்த மாத்திரை வந்த அன்னைக்கே உங்களைப் பத்தி எங்கிட்ட சொல்லிட்டா டீச்சர். 'இது எதுல செஞ்சதுன்னு அவகிட்ட கேட்டுடாதீங்க. நானும் கேக்கப் போறதில்ல. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டா உண்மையைச் சொல்லிடுவா. அப்புறம் என்னால முழுங்க முடியாது. பாப்பா படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணுங்க'ன்னா."

மீதி டீ ஆறிப்போய்விட்டது.

போன வாரம் உன் திதி. சாயங்காலம் உன் மகள் சென்னையிலிருந்து பேசினாள். சாப்பாட்டுப் பந்தியில் உன் அண்ணன் மகன் பழைய கதையைக் கிளறியிருக்கிறான், அத்தை கடைசிவரை சாப்பிட்டது மாட்டுப் பித்தம்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான்.

"ஆன்ட்டி, உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். நீங்கதானே அரேஞ்ச் பண்ணீங்க. ப்ளீஸ், உண்மையைச் சொல்லுங்க. அம்மாவோட டேப்லெட் வெஜ்தானே?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்றாயே. கேட்டுக்கொள்.

"சுத்த சைவம்டா கண்ணு" என்றேன். "நானே விசாரிச்சுத்தான் வரவழைச்சேன்."